இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்

அன்பு மகனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. அப்பா, அக்கா, நான் மூவரும் சௌக்கியம். நீ சௌக்கியம் என்பதை உன் வாயாலேயே போனில் கேட்டுவிட்டோம், அதற்குமேல் இந்த வீட்டுக்கு என்ன வேண்டும். நீ கரையில் கால் வைத்துப் பேசிய நாளிலிருந்து அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை, பஸ்ஸை ஓட்டிக்கொண்டே பின்னால் திரும்பி "பிடிச்சு வெச்சிருந்த என் பையனைக் கப்பலோட விட்டுட்டாங்க" என்று சொன்னாராம், பயணிகள் "முதல்ல ரோட்டைப் பாருங்கண்ணே, அப்புறமா எல்லாரும் சேர்ந்து சந்தோஷப்படலாம்" என்று சத்தம் போட்டார்களாம். அக்கா உன் கட்டில்மேல் குவித்து வைத்திருந்த துணிகளையெல்லாம் எடுத்துவிட்டாள், அவள் அதைச் செய்ததே பெரிய அதிசயம். "எப்படிம்மா திடீர்னு விட்டாங்க?" என்று நீ கேட்டாய், நான் பதில் சொல்வதற்குள் அப்பா போனைப் பிடுங்கிவிட்டார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் வேலை உனக்குத் தெரியும், அரசு விருந்தினர் மாளிகையில் பேச்சுவார்த்தை நடக்கும் கூடத்தில் தேநீர் ஊற்றுவது. ஆனால் எப்படி ஊற்றுவோம் என்று நீ கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. பெரிய நாடுகள் இரண்டு வந்து எதிரெதிரே உட்கார்ந்தால் யாருக்கு முதலில் ஊற்றினாலும் வம்பு, அதனால் ஜன்னல் பக்கம் நான், கதவுப் பக்கம் நிழல் என்று நாங்கள் கூப்பிடுகிற பெரியவர், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கெட்டிலைச் சாய்த்து ஒரே நேரத்தில் நிமிர்த்த வேண்டும். அவர் கண் என் மணிக்கட்டிலேயே இருக்கும், நான் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார், அதனால்தான் அந்தப் பெயர். உன் கப்பலைப் பிடித்து வைத்திருந்தவர்கள் ஜன்னல் பக்கத்தார், அதில் இருந்த சரக்கு கதவுப் பக்கத்தாருடையது. உன்னைப் பிடித்து வைத்தவர்களுக்கு நான் என் கையாலேயே தேநீர் ஊற்ற வேண்டும், நினைத்துப் பார். வீட்டில் அவர்களை எவ்வளவு கரித்துக் கொட்டியிருப்பேன் என்று அக்காவைக் கேள்.

ஒரு நாள் ஜன்னல் பக்கத் தலைவர், பெரிய மீசைக்காரர், அவருடைய கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசும் மொழி எனக்குப் புரியாது, ஆனால் எந்த மொழியில் சொன்னாலும் உன் கப்பல் பெயர் உன் கப்பல் பெயர்தானே. காதில் விழுந்தது. அடுத்த நொடி மீசைக்காரர் முன்னால் இருந்த தாளைப் புரட்டிவிட்டு வேறு எதற்கோ போய்விட்டார். என் கை அப்படியே நின்றுவிட்டது. கோப்பை பாதிதான் நிரம்பியிருந்தது. நான் நின்றதும் எதிர்ப்பக்கம் நிழலும் நின்றுவிட்டார், அங்கேயும் பாதிக் கோப்பை. இரண்டு தலைவர்களும் பேச்சை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். கதவுப் பக்கத் தலைவர், கண்ணாடி போட்ட அம்மா, என்ன ஆச்சு என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருக்க வேண்டும், எங்களுக்கு அதுதான் சட்டம். எனக்கு வாயில் வந்தது "அந்தக் கப்பல்ல என் பையன் இருக்கான்" என்பதுதான். அதை இரண்டு மொழியிலும் சொன்னார்கள். பிறகு மீசைக்காரர் புரட்டிய தாளைத் திருப்பி எடுத்துவைத்தார். அதற்குமேல் நான் பார்க்கவில்லை, எப்படி ஊற்றி முடித்தேன் என்பதும் நினைவில்லை.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டு "இன்னொரு தடவை வாயைத் திறந்தா வீட்டுக்கு அனுப்பிடுவேன். இப்ப மூஞ்சியைக் கழுவிட்டுப் போய் ஊத்து" என்றார், சொல்லிவிட்டு அவரே துண்டையும் எடுத்துக் கொடுத்தார். நிழலிடம் நன்றி சொன்னால் "நீ நிறுத்தினே, நானும் நிறுத்தினேன், இதுக்கெதுக்கு நன்றி" என்று கெட்டிலைத் துடைக்கப் போய்விட்டார். அந்த வாரமே உங்களை விட்டுவிட்டார்கள். அப்பா என்னவோ, அவர்கள் எப்படியும் விடுவதாகத்தான் இருந்திருப்பார்கள், என் கெட்டில் ஒரு சாக்கு என்கிறார். இருக்கட்டுமே. சாக்காக இருந்ததற்கும் எனக்கு நன்றிதான். மீசைக்காரருக்கும் நன்றி, கண்ணாடி அம்மாவுக்கும் நன்றி, காவலில் இருந்தபோது ஒளிந்து நின்று உனக்குப் போன் கொடுத்தானே ஒரு சிப்பாய், அவனைப் பெற்றவளுக்கும் நன்றி. மற்றபடி அந்த இரண்டு நாட்டாரும் ஏதோ தீவுக்கும் ஏவுகணைக்கும் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. உன் கப்பலைப்போல இன்னொரு கப்பலும் அங்கே நிற்கிறதாம், அதில் இருக்கிற பிள்ளைகளின் அம்மா யாரும் அந்தக் கூடத்தில் தேநீர் ஊற்றவில்லையே. ஒவ்வொரு நாளும் கெட்டிலைத் தூக்கும்போது அந்த நினைப்பு வருகிறது.

நீ துறைமுகத்தில் எந்த நாட்டையும் திட்டிப் பேசாதே, பக்கத்தில் நிற்பவனும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை. இயந்திர அறைக்குள் போகும்போது காதுக்கு அடைப்பான் போட மறக்காதே, போனில் நான் சொன்னதையெல்லாம் "என்னது, என்னது" என்று கேட்டாய். தன் சாப்பாட்டில் பாதியை உனக்குக் கொடுத்த கப்பல் சமையல்காரரை வீட்டுக்குக் கூட்டி வா, வயிறு நிறையப் போட்டு அனுப்புகிறேன். சின்ன வயதில் நீயும் அக்காவும் டம்ளரை ஒட்டவைத்துக் குனிந்து பார்த்து, அவளுக்கு ஒரு சொட்டு ஜாஸ்தி என்று வீட்டை ரெண்டாக்குவீர்கள், இந்த வேலையே உங்களிடம் கற்றதுதான். இத்தனை வருஷமும் இரண்டு பக்கமும் சமமாகவே ஊற்றிவிட்டேன். நீ வருகிற அன்றைக்கு மட்டும் முடியாது, உனக்குத்தான் முதலில் ஊற்றுவேன் என்று அக்காவிடம் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், "என்னோடதையும் அவனுக்கே ஊத்தும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நூறாயுசோடு நன்றாக இரு. சீக்கிரம் வா.

உன் வரவுக்காக அடுப்படியில் நிற்கும்,
அம்மா