காதுக்குள் ஒரே ஒரு குரல்

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானும் நலம்; நேற்று மாலை வரை அவரோடுதான் இருந்தேன். உன் நலத்தை நீதான் எழுத வேண்டும்.

போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே வருவாய், நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். காகிதத்தில் அதற்கு வழியில்லை. முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

சேதி இதுதான். இந்த சீசனிலிருந்து அத்தானின் காருக்கு நான்தான் ரேஸ் இன்ஜினியர். பழைய இன்ஜினியர் வேறு டீமுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு நான்கு பேர் நின்றோம். அத்தான்தான் மேனேஜரிடம் போய், "மத்த மூணு பேரும் எனக்குப் பிடிச்சதைத்தான் சொல்றாங்க. என் மச்சினனைப் போடுங்க, அவனுக்கு அந்த வழக்கமே கிடையாது" என்று கேட்டிருக்கிறார். சொந்தக்காரன் சிபாரிசு என்று கராஜில் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். கார் ஓடும்போது வாயை மூடிக்கொள்வார்கள்.

வேலை என்னவென்று நீ கேட்பாய். கார் முழுக்க சென்சார். பிரேக்கின் சூடு, டயரின் காற்று, கியர்பாக்ஸ் எண்ணெய் எல்லாம் என் திரையில் ஓடும். ஓட்டுகிறவருக்குத் தெரிவது அடுத்த வளைவும் முன்னால் போகும் காரின் முதுகும்தான். மீதியை நான் ரேடியோவில் சொல்ல வேண்டும். டீமில் எத்தனை பெரிய தலைகள் இருந்தாலும், பந்தயம் ஓடும்போது டிரைவரின் காதில் பேச ஒரே ஒரு குரலுக்குத்தான் இடம். மேனேஜர்கூட என்னிடம் சொல்லி, நான்தான் அவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு குரல் கேட்டால் எதை நம்புவது என்ற குழப்பம் வரும். அந்த வேகத்தில் குழம்ப நேரமில்லை.

ரேடியோ வருவதற்கு முன் பலகைதான். அதில் எழுதி, கார் கடக்கிற கணத்தில் தூக்கிக் காட்டுவார்கள். பார்த்ததை நம்பி அடுத்த சுற்று முழுக்க ஓட்ட வேண்டும். அதற்கும் முந்தைய ஆட்கள் பெல்ட்கூடப் போடவில்லை. தீப்பிடித்தால் காரோடு வேகுவதைவிட வெளியே தூக்கி எறியப்படுவது மேல் என்று நினைத்தார்கள். இன்று டிரைவரைச் சுற்றிக் கார்பன் ஓடு, தலைக்கு மேலே டைட்டானியம் வளையம், நெருப்பு தாங்கும் உடுப்பு. பயப்படாதே என்று எழுத மாட்டேன். முன்னைவிடக் குறைவாகப் பயப்படு.

உன் தம்பி


மார்ச் 21

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

நலம் விசாரிக்கத் தெரிகிறதே, அதுவரை சந்தோஷம். நான் நன்றாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி பிரிவை மேல்மாடிக்கு மாற்றிவிட்டார்கள். முழங்கால் சரியில்லாதவர்களை மாடி ஏற வைத்தவன் யார் என்று தெரிந்தால் அவன் காலை நானே கவனித்துக்கொள்வேன்.

உன் வேலையைப் பற்றி அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். புது மாப்பிள்ளை மாதிரி முகம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்ட பிறகும் நீ செய்யவில்லை என்றால் சும்மா இருக்க மாட்டேன்.

போன வருஷம் அந்த மழைப் பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்தவர், குளிக்கப் போய் ஷவரைத் திறக்காமலே நின்றுகொண்டிருந்தார். கதவைத் தட்டிக் கேட்டேன். "ஒண்ணுமே தெரியல. வெள்ளையா ஒரு சுவர். அதுக்குள்ளயே ஓட்டிட்டே இருந்தேன்" என்றார்.  அவருக்கு இன்னும் ஒரு சீசனோ இரண்டோ. முழுசாக வீட்டுக்கு வந்து சேர்ந்தால் போதும் எனக்கு.

மழை பெய்தால், நிலைமை மோசம் என்று உனக்குத் தோன்றினால், காரில் ஏதோ கோளாறு, உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை சொல். அவருக்குத் தெரியப்போவதில்லை. காதில் ஒரே குரல் என்று நீதானே எழுதியிருக்கிறாய்? அந்தக் குரல் என் தம்பியுடையது என்றால் எனக்கு அந்த உரிமைகூட இல்லையா?

பொய் என்று மூஞ்சியைத் தூக்காதே. நான் தினமும் நோயாளிகளிடம் "இன்னும் கொஞ்ச நாள், பழையபடி ஆகிடும்" என்று சொல்கிறேன். பாதிப் பேருக்கு ஆகாது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிடும்.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

முடியாது.

காரணம் கேட்பாய், எழுதுகிறேன். மழையில் முன்னால் போகும் கார் தண்ணீரை வாரிப் பின்னால் அடிக்கும். அதுதான் அத்தான் சொன்ன வெள்ளைச் சுவர். அதற்குள் அவர் கண்ணை நம்பிப் போவதில்லை. "இடதுல ஒரு கார் சுத்தி நிக்குது, வலதுல போங்க" என்று நான் சொன்னால் அந்த வேகத்திலேயே வலதுபக்கம் திருப்புவார். நிஜமா என்று கேட்க மாட்டார். நான் ஒரு தடவை பொய் சொல்லி, அது என்றைக்காவது தெரிந்துவிட்டால், அடுத்த தடவை அரை நொடி யோசிப்பார். அந்த அரை நொடியில் நின்றுகொண்டிருக்கும் கார்மீது மோதிச் செத்துப்போவார்.

அவர் பிழைப்பார் என்றுதான் நீ கேட்கிறாய். புரிகிறது. ஆனால் அவரைக் காப்பாற்ற என்னிடம் இருக்கிற ஒரே கருவியை உடைக்கச் சொல்கிறாய்.

ஓட்ட வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. அதை அவரிடம் நேராகச் சொல். என் வாயை வாடகைக்கு எடுக்காதே.

கண் நன்றாகத்தான் இருக்கிறது.

தம்பி


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. கோபம் என்று தெரிகிறது. இருந்துவிட்டுப் போ. ஆனால் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் டீமில் இரண்டு கார். இரண்டாவது காரை ஓட்டுகிறவனைச் சின்னவன் என்போம். புள்ளிகளில் இப்போது அவன்தான் முதலிடம், பட்டம் அவனுக்குக் கிடைக்கலாம். போன பந்தயத்தில் அத்தான் முன்னால், சின்னவன் பின்னால். வழிவிடச் சொல் என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். உத்தரவு என்றால் உத்தரவு, மறைக்காமல் சொன்னேன். அத்தான், "முந்த முடிஞ்சா முந்தச் சொல்லு" என்றார். எங்கள் ரேடியோவை டிவியிலும் போடுவார்கள். உலகமே கேட்டுச் சிரித்தது.

மறுநாள் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டயர் அடுக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி மாதிரி அறை. கதவைச் சாத்தினார்.

"நேரா கேட்டா கேக்க மாட்டான். அடுத்த தடவை கியர்பாக்ஸ் சூடாகுதுன்னு சொல்லு. தானா வேகத்தைக் குறைப்பான்."

"சூடானா சொல்றேன்" என்றேன்.

"உனக்கு நான் சொல்றது புரியலையா?"

"புரிஞ்சதாலதான் இப்படிச் சொல்றேன்."

வேடிக்கையைப் பார். நீயும் மேனேஜரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. நீ பாசத்தில் கேட்டாய், அவர் கோப்பைக்காகக் கேட்கிறார். பொய் மட்டும் ஒன்றேதான். உனக்குச் சொன்ன பதிலைத்தான் அவருக்கும் சொல்வேன். என் வேலை போகலாம். போகட்டும்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

என்னையும் அந்த ஆளையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாய். நன்றாக இரு.

அவரிடம் நேராகக் கேட்டேன், நீ சொன்ன மாதிரியே. இந்த சீசன் முடியட்டும் என்றார். முடியட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் சாக்ஸைத் துவைத்துக் காயப்போடும்போது உன் நினைவும் வந்தது. உனக்கு யார் துவைக்கிறார்கள்?

அக்கா


செப்டம்பர் 17

அக்காவுக்கு,

வார்டு வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாய். அத்தானைப் பார்க்க விடவில்லை. சரி. நடந்ததை நீ டிவிக்காரன் வாயில் கேட்க வேண்டாம், என்னிடமே கேள்.

தூறலில் பந்தயம் ஆரம்பித்தது. அத்தான் மாதிரி ஈரத்தில் ஓட்ட அங்கே வேறு ஆள் இல்லை. பாதிப் பந்தயத்தில் அவர் முதலிடம், சின்னவன் இரண்டாவது. ஹெட்செட்டில் மேனேஜர் சொன்னார்: "இப்ப சொல்லு. கியர்பாக்ஸ்."

என் திரையில் கியர்பாக்ஸ் குளிர்ந்துபோய்க் கிடந்தது. ரேடியோ பட்டனை அழுத்தினேன்.

"கியர்பாக்ஸ் சூடுன்னு சொல்லச் சொல்றாங்க. சூடு இல்ல. சின்னவனை முன்னால விடணுமாம். முடிவு உங்களுது."

 இன்ஜின் சத்தத்துக்கு நடுவே சிரித்தார். "மழை எப்ப கூடும், அதைச் சொல்லு."

"ரெண்டு சுத்துல கூடும். டயர் மாத்த வர்றீங்களா?"

"இந்தச் சுத்து முடிச்சு வர்றேன்."

மழை நான் சொன்னதைவிடச் சீக்கிரமாக வந்தது. மேட்டைத் தாண்டி வரும் வேக வளைவில் தண்ணீர் தேங்கிவிட்டது. முதலில் போகிறவர் அவர் என்பதால் அதை முதலில் சந்தித்ததும் அவரே. பார்த்துச் சொல்ல அவருக்கு முன்னால் ஒரு காரும் இல்லை. டயர் தரையைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதந்தது, கார் பக்கவாட்டில் போய்ச் சுவரில் மோதியது. கார்பன் ஓடு நொறுங்கவில்லை; தலைக்கோ முதுகுக்கோ ஒன்றுமில்லை. மோதப் போகிறது என்று தெரிந்தால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது உதைத்துத் திரும்பி மணிக்கட்டை முறித்துவிடும். எல்லா டிரைவருக்கும் தெரிந்த பாடம். அத்தான் கையை எடுக்கவில்லை. கடைசிவரை காரைத் திருப்பிவிடலாம் என்றே பார்த்திருக்கிறார். சென்சாரில் தெரிகிறது.

இன்னொன்றும் தெரிகிறது. நீ கேட்காவிட்டாலும் எழுதுவேன். நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் அவர் வேகத்தைக் குறைத்திருப்பார். அந்தத் தண்ணீரை மெதுவாகக் கடந்திருப்பார். மோதியிருக்க மாட்டார். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் விடை அதுதான்.

ஆனாலும் அதே பட்டனை மறுபடி அழுத்தச் சொன்னால் அதையேதான் சொல்வேன்.

தம்பி


செப்டம்பர் 24

கடிதம் வந்தது. கடைசி வரியை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? இனி எழுதாதே.


அக்டோபர் 12

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், பிறகு எழுதவில்லை.

நேற்று மேனேஜர் கூப்பிட்டார். கூடவே வக்கீல் ஒருவர். ரேடியோவில் நான் சொன்னது டிவியிலும் போய்விட்டதே; கியர்பாக்ஸ் சூடாகத்தான் இருந்தது, நான்தான் திரையைத் தவறாகப் படித்துவிட்டேன், அப்படி ஒரு உத்தரவே வரவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் முன் நான் சொல்ல வேண்டுமாம். சொன்னால் அடுத்த சீசனில் சின்னவனுக்கு நான்தான் இன்ஜினியர். பட்டம் வெல்லப்போகிற கார்.

"அவன் காதுல நான் பேசினா அவன் நம்புவானா?" என்று கேட்டேன். வக்கீலுக்குப் புரியவில்லை. மேனேஜருக்குப் புரிந்தது, ஜன்னலைப் பார்த்தார். அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

கராஜில் மெக்கானிக்குகள் யாரும் என்னோடு பேசவில்லை. கதவுவரை வந்தபோது டயர் மாற்றும் ஆள் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அது நியாயம்தான். ஆனால் நான் செய்தது தப்பு என்று மட்டும் என்னால் எழுத முடியாது. எழுதினால் இந்தக் குடும்பத்தில் நான் சொல்லும் முதல் பொய் அதுவாக இருக்கும்.

தம்பி


நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இதைப் பிரிக்காதே. அன்று நீ பொய் சொல்லியிருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் அந்தக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

போன வாரம் கட்டைப் பிரித்தார்கள். பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, போகப்போகப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கூட வந்த டாக்டர் அம்மா, நல்ல முன்னேற்றம் என்றார். மேனேஜர் பூக்கூடை அனுப்பி, அடுத்த சீசனில் சந்திப்போம் என்று எழுதியிருந்தார். ஆளாளுக்கு நல்லதாகவே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து அவர் கையை என் கையில் வாங்கி விரல்களை மடக்கிப் பார்த்தேன். இது என் தொழில் தம்பி. எத்தனை கை பிடித்திருக்கிறேன். பிடித்த உடனே தெரிந்துவிட்டது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் தம்பி இருந்தா அவன்கிட்டக் கேட்டிருப்பேன். அவன் இல்ல. நீ சொல்லு. பழையபடி வருமா?"

வாய்வரை வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள், ஆகிடும். தினமும் சொல்கிற வார்த்தைதானே, தானாகவே வந்து நின்றது. அவர் அதை நம்பியிருப்பார். நம்பி, வலியைப் பொறுத்துக்கொண்டு, மார்ச் மாதம் மறுபடி அந்தக் காரில் ஏறி உட்கார்ந்து, பாதிப் பிடியோடு அந்த வெள்ளைச் சுவருக்குள் போயிருப்பார்.

"வராது" என்றேன். "டம்ளர் பிடிக்கலாம், வீட்டுக் காரை ஓட்டலாம். ரேஸ் கார் ஓட்ட இந்தக் கையில பிடி இருக்காது. எத்தனை பயிற்சி செஞ்சாலும்."

கையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.  அன்றும் மறுநாளும் நான் வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. உன்னை நினைத்துத் திட்டினேன், என்னை இப்படி ஆக்கிவிட்டாயே என்று. டம்ளர் பிடிக்கலாம் என்று ஏன் சொன்னேன் என்று என்னையும் திட்டிக்கொண்டேன். கார் ஓட்டினவரிடம் டம்ளரைப் பற்றியா பேசுவது?

மூன்றாம் நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கையை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வராதுன்னு சொல்லிட்டே. சரி. எவ்வளவு வரும்?"

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அன்று லீவு போட்டேன். எவ்வளவு வரும் என்று ஒரு விரல் விடாமல் சொன்னேன். கட்டைவிரலைப் பற்றிச் சொன்னபோது முகம் சுருங்கியது. ஆனால் ஒரு தடவைகூட "நிஜமா?" என்று கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் பேச்சை அப்படி நம்பிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அந்த மாதிரி ஒருவர் நம்மை நம்பினால் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. நீ எப்படித்தான் ஒவ்வொரு சுற்றும் பேசினாய்?

அவர் உன்னைப் பார்க்க வேண்டுமாம். அந்த வளைவை எந்த வேகத்தில் எடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று உன்னோடு சண்டை போட வேண்டுமாம். வேலைதான் இல்லையே, புறப்பட்டு வா. மாடி அறையைச் சுத்தம் செய்துவிட்டேன். எனக்கு ஆறுதல் சொல்ல மட்டும் முயற்சி செய்யாதே, உனக்கு அது வராது.

அக்கா