கொப்பரைக் களத்து விலாசம்

உன் தலைப்பிள்ளை போல் என்னைப் பார்த்துக்கொண்ட அண்ணா,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. கொட்டாரத்துச் சந்தையில் இப்போதும் கொப்பரை வியாபாரியின் தங்கை என்று உன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் காட்டுகிறார்கள். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. நீ பாதியில் விட்டுப்போன வழக்கு முடிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான்.

ஓலைப்பெட்டி முடையும் தங்கம்மையை நீ மறந்திருக்கமாட்டாய். நிலத்துக்காரர் குடிசையைப் பிரித்துப் போட்ட பிறகு சந்தைக் கொட்டகையில் படுத்தாள். அவளைப்போல் இன்னும் ஐந்து பேர். நீ தினமும் கஞ்சி கொடுத்தாய். ஊரே உன்னைப் புகழ்ந்தது. ஒரு விடியற்காலையில் போலீஸ் வந்து, வீடுவாசல் இல்லாமல் திரிந்த குற்றம் என்று அவளை மட்டும் கொண்டுபோனது. பதினைந்து நாள் ஜெயில்.

திரும்பி வந்தவள் கஞ்சிச் சட்டியைத் தொடவில்லை. உன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"மொதலாளி, பசிக்குக் கஞ்சி தந்தீரு. ஒறங்குனதுக்கில்லா என்னப் புடிச்சாவ. அதுக்கு என்ன செய்வீரு?"

நீ அன்று சாப்பிடவில்லை. மறுநாளே வக்கீலைப் பார்க்கப் போனாய்.

கூட வியாபாரம் செய்தவர்கள் ஒதுங்கினார்கள். "அன்னதானம்னா நானும் தாறேன். சர்க்காரோட வழக்கு என்னத்துக்கு ஓய்?" என்றார் எண்ணெய்ச் செக்கு முதலாளி. இரண்டாம் தடவை ஆறு பேரையும் பிடித்தபோது நீ ஒருவனாகத்தான் கோர்ட்டில் நின்றாய். இவர்களுக்கு விலாசம் உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். "எனக்க கொப்பரைக் களம்தான் வெலாசம்" என்றாய். ஜாமீனில் விட்டு, வழக்கைத் தள்ளிவைத்தார்கள். ஆறு பேரும் தேங்காய் காயும் களத்து ஓரத்தில் வந்து தங்கினார்கள். அடுத்த வாய்தாவுக்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

நான் கோர்ட்டுப் படி ஏறுவேன் என்று நீ நினைத்திருப்பாயா? ஏறினேன், அண்ணா. களத்துக்குச் சொந்தக்காரர் இறந்துவிட்டாரே என்று கேட்டார்கள். "களம் இப்போ எனக்காக்கும். அவிய அங்கதான் இருக்காவ" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பிறகு தங்கம்மையைக் கேட்டார்கள். அவள் கைகூப்பவில்லை. "சாமி, பகலெல்லாம் பெட்டி முடையுகேன். அலுத்தா கண்ணு தானா அடையும். வீடு இருக்கான்னு கேட்டுட்டா ஒறக்கம் வருது?" என்றாள்.

மாஜிஸ்திரேட் அதை எழுதிக்கொண்டார். உழைத்துப் பிழைக்கிறவர்கள், தங்க இடமும் இருக்கிறது என்று ஆறு பேரையும் விடுவித்தார். வாசலில் தங்கம்மை என் தோளில் முகம் வைத்து அழுதாள். நானும்தான்.

இப்போது களத்தின் கிழக்கு ஓரத்தில் மூன்று குடிசைகள் எழும்பிவிட்டன. கூரைக்கு ஓலை அனுப்பியது யார் தெரியுமா? அதே செக்கு முதலாளி. கூடவே வக்கீலுக்கு என்று ஒரு கவரும். "எனக்க பேர வெளிய சொல்லாண்டாம், பிள்ளே" என்றார். கோயில் விளக்கில்கூடப் பெயர் வெட்டச் சொல்லும் மனிதர்!

ஆனாலும் ஒன்று என்னை அரிக்கிறது. களம் இருந்ததால் ஆறு பேர் தப்பினார்கள். யாருடைய களமும் இல்லாதவர் என்ன செய்வார்? போன வாரம் பஸ் ஸ்டாண்டில் படுத்த ஒரு கிழவரைப் பிடித்திருக்கிறார்கள். மேற்கே கடற்கரை ஊர்க்காரர். கடல் வீட்டைக் கொண்டுபோய்விட்டதாம். இந்தத் தடவை இடம் காட்டி மீட்க வேண்டாம், இடமில்லாமை குற்றமே இல்லை என்று வாதாடலாம் என்கிறார் வக்கீல். தோற்றால் மேல்கோர்ட். நான் சரி என்றுவிட்டேன். நீயும் அதைத்தானே சொல்லியிருப்பாய்?

திங்கட்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் தங்கம்மையும் நானும் கோர்ட்டுக்குப் போகிறோம். அந்தக் கிழவருக்குச் சொந்தமென்று யாரும் வரமாட்டார்கள். அவர் கூண்டில் ஏறி நிமிர்ந்து பார்க்கும்போது, எதிரே நாங்கள் உட்கார்ந்திருப்போம். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
பொன்னு