ஓட்ட ஆளில்லாத ரயிலுக்கு ஒத்திகை

வடக்கனந்தல்
தை 12

அன்பு மகள் மணிமொழிக்கு உன் அம்மா ஆண்டாள் ஆசையோடு எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, போன வாரம் பிறந்த கிடேரிக் கன்று வரைக்கும் எல்லோரும் சுகம். அங்கே சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளை சிவசங்கரும், உன்னைத் தூங்கவிடாமல் உள்ளே இருந்து உதைக்கிற அந்தப் பெரிய மனுஷரும் சுகமாக இருக்க நம் குலதெய்வம் துணை இருக்கட்டும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே நீ வேணாம்மா, சொன்னா கேளும்மா என்று குறுக்கே விழுந்துவிடுகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். முழுதாக எழுதி முடித்து, நம் தெரு முனை ஜெராக்ஸ் கடை தீனதயாளனிடம் கொடுத்து, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். கடைசி வரி வரைக்கும் படி, அப்புறம் கோபப்படு.

நீ சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரசவத்துக்கு நீ வரவேண்டாம், குழந்தையைக் குளிப்பாட்ட, பத்தியம் போட கூலிக்கு ஓர் அம்மாவை ஏற்பாடு செய்கிறேன் என்றாய். மாப்பிள்ளைக்கு ஷிப்ட், மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேட்டையைச் சுற்றி ஓடுகிற அந்தச் சின்ன ரயிலில்தான் போய்வரணும், உனக்கு அதில் தனியாக ஏறி இறங்கத் தெரியாது, நான் குழந்தையைப் பார்ப்பேனா உன்னைப் பார்ப்பேனா என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். அன்றைக்கு உங்கப்பாவிடம் சொல்லிக் கொஞ்சம் அழுதேன், பொய் சொல்வானேன். தலைப் பிரசவத்துக்குப் பெற்றவள் வேண்டாம், ஒரு ரயில் குறுக்கே நிற்கிறது என்றால் யாருக்குத்தான் ரோஷம் வராது. அழுது முடித்து முகத்தைக் கழுவியதும், சரி, அந்த ரயிலையே ஒரு கை பார்ப்போம் என்று தோன்றிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் அங்கே வந்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. முதல் நாள் நான் பிளாட்பாரத்தில் நின்று நம்ம ஊர் மினி பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையைக் காட்டினேன். கையைக் கீழே போடும்மா, பார்க்க உள்ளே டிரைவரே இல்லை என்று நீ சிரித்தாய். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டாம் நாள்தான் அந்த வினை. வண்டி கிளம்பும் நேரத்தில் ஒரு வயசான சீனத்தம்மா பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. நம் பக்கத்தில் அப்படி ஓர் ஆள் ஓடி வந்தால் படியில் நிற்கிறவன் இன்னா செய்வான், ஆள் வருதுங்க, கொஞ்சம் நிறுத்துங்க என்று டிரைவரிடம் சத்தம் போடுவான். சத்தம் போட டிரைவர் இல்லையே என்று நான் கதவுக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன். கதவு வந்து இடிக்கிறது, நான் நகரவில்லை. திரும்பத் திரும்ப இடிக்கிறது. மேலே இருந்து ஒரு குரல் என்னமோ சொல்கிறது, அதற்கு நான் வர்றாங்க இருங்க, வயசானவங்க என்று கூரையைப் பார்த்துப் பதில் சொல்கிறேன். வண்டி நின்றது, பின்னால் வந்த வண்டியும் நின்றது, உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். நீ என் கையைப் பிடித்து இழுத்தபோது உன் முகம் சிவந்து போயிருந்தது. அதற்கப்புறம் நானும் அந்த ரயிலில் தனியாக ஏற மாட்டேன் என்று ஒரு மாதமும் வீட்டுக்குள்ளேயே கிடந்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். ஆனாலும் அந்த அம்மா வண்டியைப் பிடித்துவிட்டது, அதையும் நீ சொல்லணும்.

இன்னொரு கூத்து உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. வண்டி அடுக்குமாடி வீடுகளை ஒட்டிப் போகும்போது ஜன்னல் கண்ணாடி திடீரென்று பனி மூடின மாதிரி வெளுத்துவிடும், தாண்டினதும் தெளிந்துவிடும். எனக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று பயந்து, ஊருக்கு வந்ததும் கள்ளக்குறிச்சியில் கண் முகாமுக்குப் போய் உட்கார்ந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு இந்த வயசுக்கு இப்படிக் கண்ணா என்று பாராட்டி அனுப்பினார். போன மாதம் தீனதயாளன்தான் போனில் தேடிப் பார்த்துச் சொன்னான், வீட்டில் இருக்கிறவர்களை ரயிலில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அந்தக் கண்ணாடியே தானாக மூடிக்கொள்கிறதாம். அந்தக் கண்ணாடியில் நாலு நம் தெருவுக்கும் வேண்டும் பாப்பா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை திருநாவலூர் கோயிலுக்குப் போகிறேன் என்று உங்கப்பாவிடம் சொல்லிவிட்டு விடியற்காலை முதல் பஸ்ஸில் நான் தனியாகச் சென்னைக்குப் போனேன். ஆமாம், தனியாக. கிளாம்பாக்கத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, விமான நிலையத்துக்கு முன்னால் இறங்கி மெட்ரோ ரயில் ஏறினேன். அதில் டிரைவர் உண்டு, ஆனால் நம் கண்ணில் படமாட்டார், கதவு தானாக மூடும், கூப்பிட்டாலும் நிற்காது, பழகிக்கொள்ள அது போதும் என்று தீனதயாளன் சொல்லியிருந்தான். நகரும் படிக்கட்டில் முதல் தடவை ஒரு காலை வைத்துவிட்டு மறு காலை வைக்காமல் நின்றேன், பின்னால் வந்த ஒரு காலேஜ் பெண் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். இரண்டாம் தடவை நானே ஏறினேன். மூன்றாம் தடவை கைப்பிடியைக்கூடத் தொடவில்லை. சென்ட்ரல் வரை போய், எதிர்ப் பக்கம் மாறித் திரும்பி வந்து, மறுபடியும் போனேன். எந்தப் பக்கத்து வண்டி எங்கே போகும் என்று பலகையைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். உங்கள் பேட்டை ரயில் இதைவிட லேசு, கோயில் பிரகாரம் மாதிரி சுற்றி வருகிறது, எந்தப் பக்கம் ஏறினாலும் வீட்டுக்கு வந்துதானே ஆகணும்.

கேள், முக்கியமானதே இனிமேல்தான். ஒரு ஸ்டேஷனில் கதவு மூடும் நேரத்துக்கு, எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா ஓடி வந்தது. என் கால் தானாகக் கதவுப் பக்கம் போகிறது. நான் அந்தக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஆண்டாளு நகராதே நகராதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கதவு மூடிவிட்டது. அந்த அம்மா கண்ணாடிக்கு வெளியே என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வண்டி கிளம்பிவிட்டது. பரீட்சையில் பாஸ்தான், ஆனால் மனசு கேட்கவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, அதே இடத்தில் நின்று அடுத்த வண்டிக்குக் காத்திருந்தேன். ஆறு நிமிஷம். வண்டி வந்து கதவு திறந்ததும் பார்த்தால் அந்த அம்மா உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களை விட்டுட்டுப் போயிட்டேன்னு கோவமா என்று கேட்டேன். அதற்கு அது, இன்னாங்க கோவம், இது போனா அது வருது என்றது. எனக்கு வந்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. இரண்டு வருஷமாக எனக்குப் புரியாமல் இருந்தது அதுதான் பாப்பா. நம் பக்கத்தில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது சாயங்காலம், அதனால்தான் நாம் கதவைப் பிடிக்கிறோம். அங்கே கதவைப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. உங்கப்பா கையை நீட்டி விபூதி எங்கே என்றார். உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஒரு நாழி கத்தினார். ஒத்தைப் பொம்பளை, சொல்லாம கொள்ளாம, வூட்ல கன்னு போட்ட மாட்டை வுட்டுட்டு இன்னாடி இது என்று. நான் சோறு போட்டேன். பாதிச் சாப்பாட்டில் மெதுவாக, அந்தப் படிக்கட்டு தானா மேல போவுதாமே, நீ ஏறினியா என்று கேட்டார். மூணு வாட்டி என்றேன். அப்புறம் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. மணிமொழி பேட்டை ரயிலுக்கு ரப்பர் டயராமே, டயர்னா பஞ்சர் ஆவாதா, நடு வழில ஆனா ஸ்டெப்னி யாரு மாட்டுவாங்க என்று நச்சரித்தார். டிராக்டர் ஓட்டுகிறவர் கவலை அவருக்கு. மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் ஒரு வரி எழுதச் சொல், இல்லாவிட்டால் இந்த மனுஷன் என்னைக் கரும்பு வெட்டு முடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார்.

உனக்கு இரண்டு வார்த்தை. இடது பக்கம் ஒருக்களித்துப் படு. கால் வீக்கம் ஜாஸ்தியானால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே, டாக்டரிடம் சொல். உப்பைக் கம்மி பண்ணு. நான் வளைகாப்புக்கு அனுப்பிய கண்ணாடி வளையலைக் கழற்றிவிட்டாய் என்று வீடியோவில் பார்த்தேன், பரவாயில்லை, கைக்குக் கிட்டத்தில் வை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ வெள்ளிமலையில் பிறந்தாய் என்று தெரியும். ஏன் அங்கே பிறந்தாய் என்று நீ கேட்டதில்லை. உங்கப்பா அப்போது மலைமேல் கடுக்காய் மண்டியில் வேலை பார்த்தார், அங்கேயே குடியிருந்தோம். ஒன்பதாம் மாதம் நைனார்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தது. எட்டிலேயே வலி வந்துவிட்டது. ஆள் மூலம் சேதி போய், என்னைப் பெற்ற உன் ஆயா அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிக் கச்சிராயபாளையம் வந்துவிட்டாள். மலைக்குப் போகிற பஸ் அங்கே நின்றுகொண்டிருந்தது, ஏறி முதல் சீட்டில் உட்கார்ந்தும்விட்டாள். டிரைவருக்குக் காய்ச்சல், மாற்று ஆள் வரவில்லை. வண்டி கீது, ஓட்றதுக்கு ஆள் இல்லீங்களே என்று கண்டக்டர் சொன்னாராம். பொழுது சாயும் வரைக்கும் அந்த நிற்கிற வண்டிக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். மேலே நான் அம்மா வந்துட்டாங்களா, அம்மா வந்துட்டாங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்துகினே இருக்காங்க, வந்துகினே இருக்காங்க என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. மறுநாள் ஆயா வந்து சேர்ந்தபோது உனக்கு அரை நாள் வயசு. என் அம்மா அதைச் சாகும் வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதாள்.

உங்கள் ஊரில் ஓட்டுகிற ஆளுக்குக் காய்ச்சல் என்று நிற்கிற வண்டியே கிடையாது. அந்த ரயிலைப் பார்த்து நான் பயந்தேன் பார், என்னைச் சொல்லணும். விசா வந்துவிட்டது. வருகிற பிப்ரவரி பத்தாம் தேதி திருச்சியில் இருந்து விமானத்துக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது, உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய் என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை லீவு போட வேண்டாம், யாரும் ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். பெரிய ரயிலில் வந்து, மாறி, உங்கள் சின்ன ரயிலில் ஏறி நானே வந்துவிடுவேன். வலி எடுக்கும்போது அம்மா வந்துட்டாங்களா என்று நீ யாரையும் கேட்க வேண்டியதில்லை. தலையைத் திருப்பிப் பார், நான் அங்கே நிற்பேன்.

தாயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து, நூறு வயசு ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் கூலிக்கு வருகிற அம்மாவிடம் இன்றைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே.

பத்தாம் தேதி வரைக்கும் பொறுமை இல்லாத
உன் அம்மா,
ரா. ஆண்டாள்