நடுச் சுவரில் ஒரு படம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நாள் முழுக்க ஊரார் புகாரையெல்லாம் போனில் கேட்கிறவன் நீ. தங்கை கூப்பிட்டால் மட்டும் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அண்ணி பிள்ளையோடு திரும்பி வந்தாயிற்றா?

என் புகைப்படக் கண்காட்சி வெள்ளிக்கிழமை திறக்கிறது. வேலை வேலையென்று ஓடி உள்ளுக்குள் நொறுங்கிப்போனவர்களின் படங்கள். நடுச் சுவரில் உன் படம்தான். சமையலறைத் தரையில் ஹெட்செட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாயே, அது. கணினியில் உன்னைப் பன்னிரண்டு பேராக்கி, முகத்தை மட்டும் கலைத்துவிட்டேன். யாருக்கும் அடையாளம் தெரியாது. வந்து பாரேன்.

உன் செல்லத் தங்கை

மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

வந்தேன். நீ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாய், தொந்தரவு செய்யவில்லை. இந்த வீட்டில் என் ஒருத்தனையே யாராலும் சமாளிக்க முடியவில்லை. நீ பன்னிரண்டு பேரை உட்கார வைத்திருக்கிறாய்.

ஒரு பெண் படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். "நான்தாம்மா அது" என்று சொல்ல வாய்வரை வந்தது. அதற்குள் பின்னால் ஒரு குரல்: "இது நம்ம மூணாவது மாடி ஆள் இல்ல? அந்த வளைஞ்ச சுண்டுவிரலைப் பாரு." என் அலுவலகத்துக்காரர்கள். மறுநாள் மேலாளர் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்றார். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. உன் அண்ணியும் இன்னும் வரவில்லை.

நீ அந்தப் படம் எடுத்த சாயங்காலம் உன்னை நான்தான் வரச் சொன்னேன். "பயமா இருக்கு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றேன். நீ, "அப்படியே இருண்ணா, வெளிச்சம் நல்லா விழுது" என்றாய். இருந்தேன். படம் எடுத்து முடித்ததும் கிளம்பிவிட்டாய்.

அதை இறக்கிவிடு.

அண்ணன்

மார்ச் 24

அண்ணா,

டாக்டர் என்று நீ சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. "அசதியா இருக்கு" என்றுதான் சொன்னாய். படம் எடுக்கட்டுமா என்றதற்குத் தலையாட்டினாய். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் எழுதுகிறார்கள் தெரியுமா? "எங்க அப்பாவும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்" என்கிறார்கள். அது உனக்கு ஒன்றுமே இல்லையா?

இருந்தாலும் நேற்று இறக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் போகலாம்.

தங்கை

ஏப்ரல் 2

தங்கைக்கு,

நீ வந்து வெகுநேரம் கதவைத் தட்டினாயாம். கீழ்வீட்டுக்காரர் போனில் சொன்னார். அதற்கு முன்பே நானாகப் பஸ் ஏறி மருத்துவமனையில் சேர்ந்துவிட்டேன். நீ படம் எடுத்த அன்றைக்கே சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

என்னைப் பார்க்க யாரையெல்லாம் விடலாம் என்று இங்கே கேட்டார்கள். உன் அண்ணியைச் சொன்னேன், வருகிறாளோ இல்லையோ. உன்னைச் சொல்லவில்லை.

கோபம் என்று நினைக்காதே. நீ பார்க்கும்போது நான் எப்படி இருந்து காட்டவேண்டும் என்றே தெரியாமல் போகிறது. இங்கே யாருக்கும் எதையும் காட்டவேண்டியதில்லை. தூக்கம் கொஞ்சம் வருகிறது.

வராதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்