அடியில் ஒரு சிக்கு

இல்லை அம்மா, நான் வேலை பார்ப்பது போன் செல்லில் இல்லை, உடம்பில் இருக்கும் செல்லில். எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவிடு. பாவம், உடைந்த போனோடு எனக்காகக் காத்திருக்கப் போகிறார். உன் முழங்கால் தேவலையா?

செல்லுக்குள் சின்னப் பைகள் உண்டு. பையிலிருந்து ஒரு புரத இழையும் செல்லின் சவ்விலிருந்து மூன்றும் ஒன்றையொன்று நுனியில் பிடித்து, அடிவரை முறுக்கிக்கொள்ளும். அந்த இழுப்பில் பையும் சவ்வும் ஒன்றாகிவிடும். என் சோதனையில் பைகள் மட்டும் ஐந்து மாதமாகச் சவ்வோடு ஒட்டிக்கொண்டு நின்றனவே தவிர, ஒன்றாகவில்லை.

"புரதம் கெட்டுப்போச்சும்மா, தூக்கிப் போடு," என்றார் பேராசிரியர்.

"இல்ல மேடம், பாதி தூரம் நல்லாத்தான் முறுக்குது. அடியில சிக்கு இருக்கு."

"இதென்ன, தலைமுடியா?"

எல்லோரும் சிரித்தார்கள். புரதத்தின் அடியில் அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றினேன். நேற்று பைகள் ஒன்றாகி, உள்ளே வைத்த சாயம் ஒளிர்ந்தது.

"சிக்கெடுத்துட்டியேடி!" என்றார் பேராசிரியர். பழைய புரதத்தின் பெயர் ஆய்வகக் குறிப்பேட்டில் இனி 'சிக்கு'. அவரே எழுதினார்.

அகலப்பல் சீப்பை அனுப்பு. பின்னந்தலைக்கு என் கை எட்டவில்லை. சிக்கெடுத்துவிட இங்கே யாரிடம் கேட்பது?

அவசரம், முடிக்கிறேன்.

பி.கு: உறையை ஒட்டுமுன் ஆய்வகத்துக்குப் போய் இன்னொரு முறை செய்து பார்த்தேன். ஒளிர்ந்தது.