தாழ்ப்பாள் சத்தம்

சேலையூர்,
ஞாயிறு பிற்பகல்.

என் செல்ல மகள் ஜெரூஷாவுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது,

கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் புனேயில் சுகமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரிப்பாய். சிரி. போனில் அப்பா பேச்சை எடுத்தாலே உன் வீட்டுக் குக்கர் விசில் அடித்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் போட்டால் பாதி படித்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறாய். காகிதத்தில் எழுதினால் கடைசி வரை படித்துத்தானே ஆகவேண்டும்.

என் முழங்கால் முன்னைப் போலத்தான் படுத்துகிறது. கேம்ப் ரோட்டில் மறுபடியும் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். போன மழைக்குத் தோண்டியதையே இன்னும் மூடவில்லை. உன் ஸ்கூட்டி அப்படியே கார் ஷெட்டில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புமுன் அப்பா அதைத் துடைத்து, ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் உறும விட்டு அணைக்கிறார். யார் ஓட்டப் போகிறார்கள், விற்றுவிடலாமே என்று ஒரு தடவை கேட்டேன். "சும்மா நின்னா பேட்டரி போயிடும்" என்றார். மனிதர் அவ்வளவுதான் பேசுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமியார் சாமுண்டீஸ்வரியைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். உன் நாத்தனார் ஹேமாவதி கல்யாணத்துக்கு அடுத்த மாதம் நீங்கள் வருகிறீர்களாம். குன்றத்தூர் முருகன் கோயிலில் முகூர்த்தம், ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்கள் வீட்டில் தங்கல், அப்படியே திரும்பிவிடுவீர்களாம். "உங்க வூட்டுக்கு வரலைன்னு சொல்லுதும்மா பொண்ணு, எனக்கே ஒரு மாதிரியா கீது" என்று வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் கத்தரிக்காய் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டேன். ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் சேலையூருக்கும் நடுவில் கடலா இருக்கிறது? ஷேர் ஆட்டோவில் ஏறி உட்காருவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவான். அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு என் கண்ணில் படாமல் போய்விடுவாயா, ஜெரூ?

உன் கோபம் நியாயம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. பதிவுத் திருமணம் முடிந்து மாலையும் கழுத்துமாக நீங்கள் வாசலில் வந்து நின்றபோது, "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று சொன்னது உன் அப்பாதான். சர்ச்சில் கல்யாணம் நடக்கவில்லை, பாதிரியார் என்ன நினைப்பார், சொந்தபந்தம் என்ன சொல்லும் என்று ஆயிரம் சொன்னார். அதெல்லாம்கூட உனக்கு ஆறிப்போயிருக்கும். போன வருஷம் ‘தாரகைப் பயணி’ பட ரசிகர் வட்டத்தில் அவர் பேசியதை யாரோ ஒரு புண்ணியவான் வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டான் பார், அதுதான் உன்னை இப்படி அறுத்துவிட்டது.

‘தாரகைப் பயணி’யைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால் குடிக்கிற வயதிலிருந்து அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்தவள் நீ. ஆனால் மாப்பிள்ளை முகிலன் இதுவரை அந்தப் படத்தை ஒரு தடவையும் தூங்காமல் பார்த்ததில்லை என்று உன் மாமியார் சொல்லித்தான் தெரியும். படத்துக்காகவே வாழ்கிற சிட்டிபாபுவுக்குப் பிறந்த பிள்ளை இப்படி! அவருக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன், வாசித்துக் காட்டு. மனைவி தூங்கிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் ராக்கெட் ஏறிப் போகிறான் ஒரு விஞ்ஞானி. அவனுக்கு ஆறு மாதம்தான் ஆகிறது. பூமியில் முப்பது வருஷம் ஓடிவிடுகிறது. திரும்பி வந்து நடுராத்திரியில் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். திரை இருண்டுவிடுகிறது. படம் அவ்வளவுதான்.

ராக்கெட் தகர டப்பா, உள்ளே இருக்கிற மீட்டர் எல்லாம் பழைய ரேடியோவின் குமிழ். செவ்வாய் கிரகத்தைப் பல்லாவரம் கல்குவாரியில் எடுத்தார்கள். ஒரு காட்சியில் கிரகத்துக்குப் பின்னால் எலக்ட்ரிக் டிரெயின் போவது தெரியும். நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த டிரெயின் வந்தால் விசில் பறக்கும். அந்த டப்பாப் படத்தை வைத்துக்கொண்டு, அவள் கதவைத் திறந்தாளா இல்லையா என்று இத்தனை வருஷமாக இந்த மனிதர்கள் அடித்துக்கொள்கிறார்கள். திறந்தாள் கட்சிக்கு உன் மாமனார். திறக்கவில்லை கட்சிக்கு உன் அப்பா. நீ கல்யாணம் பண்ணியதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் சிட்டிபாபுவின் ஹார்டுவேர் கடை மாடியில்தானே வட்டம் கூடுகிறது? அங்கே மட்டும் அப்பா ஒரு மாதம்கூடத் தவறாமல் போவார். கேட்டால், படம் வேறு குடும்பம் வேறு என்பார். அங்கே போயும் நேருக்கு நேர் பேச மாட்டார்கள். ஒருவர் தலைவர் துளசிங்கத்தைப் பார்த்துச் சொல்வார், மற்றவரும் துளசிங்கத்தைப் பார்த்தே பதில் சொல்வார். பாவம், அந்த மனிதர் கழுத்து வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு திரிகிறார்.

போன வருஷம் அப்பா பேசினாரே, "சொல்லாம போனவன். போனவன் போனவன்தான். தட்டினா உடனே திறந்துடணுமா? அவ திறக்க மாட்டா, திறக்கவும் கூடாது" என்று. நீ அதைப் பார்த்துவிட்டு, இது படத்தைப் பற்றிப் பேசியது இல்லை, எனக்குச் சொன்ன பதில் என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருஷத்தில் யாரும் ‘திறக்கவும் கூடாது’ என்று சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு வந்து உன் அப்பா சாப்பிடவில்லை. அது வீடியோவில் வரவில்லை.

இப்போது இந்த வருஷக் கதையைக் கேள். போன ஞாயிறு மாலை ஆண்டு விழாக் காட்சி. அதற்குக் குடும்பத்தோடு போவது வழக்கமாயிற்றே, நானும் போனேன். உன் மாமியார் எனக்குப் பக்கத்தில் நாற்காலி பிடித்து வைத்திருந்தார். ஷ்யாம்சுந்தர் என்று ஒரு கம்ப்யூட்டர் பிள்ளை புதிதாகச் சேர்ந்திருக்கிறான். எங்கிருந்தோ நல்ல பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்து, இரைச்சலை எல்லாம் கம்ப்யூட்டரில் துடைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தான். கடைசிக் காட்சி வந்தது. அவன் தட்டினான். திரை இருண்டது. இத்தனை வருஷமும் அந்த இருட்டில் கரகரவென்று ஒரு சத்தம்தான் கேட்கும். அன்றைக்குத் தெளிவாக ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. தாழ்ப்பாள்!

மாடியே இரண்டுபட்டது. உன் மாமனார் நாற்காலி மேல் ஏறாத குறை. "கேட்டீங்களா! தொறந்துட்டா! நான் இன்னா சொல்லிகினு இருந்தேன்?" என்று கத்தினார். உடனே உன் அப்பா கட்சியிலிருந்து ஒருவன், "சார், அது தாழ்ப்பாள் போடற சத்தம், எடுக்கற சத்தம் இல்ல" என்றான். அவ்வளவுதான். போடுகிற சத்தமா, எடுக்கிற சத்தமா? சிட்டிபாபு தடதடவென்று கீழே கடைக்கு இறங்கிப்போய், கை நிறையத் தாழ்ப்பாள் அள்ளிக்கொண்டு வந்தார். இரும்பு, பித்தளை, அலுமினியம். ஒவ்வொன்றையும் போட்டும் எடுத்தும் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தோம். எதுவும் விளங்கவில்லை, எல்லாம் ஒரே ‘டக்’. "பேஜாரா போச்சே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் போடுகிற சத்தம்தான் என்று சாய்ந்துவிட்டார்கள். துளசிங்கம் கை தூக்கச் சொல்லப் போனார். தூக்கியிருந்தால் உன் அப்பா கட்சிக்கு ஒரேயடியாக ஜெயம்.

அப்போது உன் அப்பா எழுந்தார். முடித்துவைக்கப் போகிறார், இதையும் யாராவது வீடியோ எடுத்துப் புனேவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் துளசிங்கத்தைப் பார்த்து, "தலைவர் அவர்களே, வீட்ல தனியா இருக்கற பொம்பளை. நடுராத்திரி. கதவு முன்னாடியே தாழ் போட்டுத்தானே இருக்கும்? போட்ட தாழை யாராவது திரும்பப் போடுவாங்களா? அது எடுக்கற சத்தம்தான்" என்றார். உட்காரப் போனவர், திரும்ப நிமிர்ந்து, "தட்டின உடனே சத்தம் வருது, கவனிச்சீங்களா? உள்ளே படுத்திருந்தா எழுந்து வர நேரம் ஆகும். அவ கதவுகிட்டயேதான் நின்னுட்டு இருந்திருக்கா. ரொம்ப நாளா" என்றார். கடைசி வார்த்தை எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

உடனே சிட்டிபாபு, துளசிங்கத்தை விட்டுவிட்டு நேராக இவரைப் பார்த்து, "இன்னா சம்பந்தி, இத்தை நான்ல சொல்லியிருக்கணும்?" என்றார். சம்பந்தி என்றார், ஜெரூ! உன் அப்பா அந்த வார்த்தையை மறுக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "பஜ்ஜிக்கு ஆள் அனுப்பணுமே" என்று மட்டும் சொன்னார். கட்சி மாறினவர்தானே எல்லாருக்கும் பஜ்ஜி வாங்க வேண்டும்? கடைசியில் ஆள் அனுப்பவில்லை. இரண்டு சம்பந்திகளும் சேர்ந்தே போனார்கள். வாழைக்காயா வெங்காயமா என்று படி இறங்கும்போதே சண்டை. உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் வெட்கத்தை விட்டு அழுதேன்.

ஏன் மாறினாய் என்று கட்சி மாறினவரைக் கேட்கக் கூடாது என்பது வட்டத்தின் சட்டம். என்னை அந்தச் சட்டம் எப்படித் தடுக்கும்? வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். படத்துக் கதவைத் திறந்துவிட்டீர்களே, நம் வீட்டுக் கதவு என்ன ஆயிற்று என்று. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "படத்துல அவன் வந்து தட்டினான் ரத்னா. தட்டாம எப்படித் திறக்கறது?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! ஊரைக் கூட்டி வைத்து அவ்வளவு நியாயம் பேசிவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் பழைய குருடி என்று வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். போனை எடுத்துக் கூப்பிட வேண்டியதுதானே, கையில் என்ன சுளுக்கா என்றேன். ஆணியில் மாட்டின சட்டையைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டே, "கூப்பிட்டு அவ வரலைன்னா?" என்றார்.

இத்தனை நாளும் வீம்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வீம்பு எப்போதோ தீர்ந்துபோய், பயம் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது, கண்ணு. உனக்கும் அதே பயம்தான் என்று எனக்குத் தெரியும். வந்து, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அப்பாவும் மகளும் ஒரே அச்சு. நீ வந்து தட்டட்டும் என்று அவர் உள்ளே நிற்கிறார். அவர் திறக்கட்டும் என்று நீ வெளியே நிற்கிறாய். இப்படியே நின்றால் எங்களுக்கும் முப்பது வருஷம் ஓடிவிடும். அத்தனை வருஷம் எங்களிடம் இல்லை, ஜெரூ.

இன்னொன்றும் தோன்றியது. அத்தனை பேர் கூடி அத்தனை வருஷம் வாதாடியும், கதவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்த வீட்டில் அவள் நான்தான். என்னையும் யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன்: எனக்கு என் பிள்ளை வேண்டும்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை நீயும் மாப்பிள்ளையும் வருகிறீர்கள். இது நான் கேட்பது இல்லை, சொல்வது. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு மீன் குழம்பு பிடிக்குமா என்றார். அவர் வாயிலிருந்து ‘மாப்பிள்ளை’ என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் வழியில் காத்து எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பாராக. கிளம்புகிற நேரத்தை மட்டும் சொல். நான் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தெருவிலேயே நிற்பேன். நீ வந்து தட்டவே வேண்டாம்.

வழி மேல் விழி வைத்திருக்கும் உன் அம்மா,
ரத்தினபாய்