ஒக்ஸ்போர்ட்டில் மூன்று நாள்

மே 12, செவ்வாய்

மாலையில் ஒக்ஸ்போர்ட் வரைபடத்தை மேசையில் விரித்தேன். இவர் எட்டிப் பார்த்தார்.

"லண்டனில அண்ணை வீடு இருக்க, அங்க என்னத்துக்கு?"

"ஊர் பாக்க."

"அது படிச்ச ஆக்கள் போற இடம். உமக்கு என்ன விளங்கும்?"

பதினெட்டு வருடமாக இங்கே ஜேர்மனியில், பீலெஃபெல்ட் பல்கலைக்கழக நூலகத்தைக் கூட்டித் துடைக்கிறேன். இங்கிலாந்துக்கு ஆறு முறை போயும் இவருடைய அண்ணன் வீட்டில் சமைத்துக் கிடந்த குசினியைத் தவிர வேறெதையும் கண்டதில்லை.

கைபேசியை எடுத்து, பழைய கல்லூரி ஒன்றின் விடுதியில் அறை பதிந்தேன். ஒருவருக்கு மட்டும்.

"அப்ப நான்?" என்றார்.

"நீங்கள் அண்ணை வீட்ட போங்கோ. எனக்கு ஏலாது."

கோபித்துக்கொண்டு படுத்துவிட்டார். முதல் நாளுக்கு நூலகம், இரண்டாம் நாளுக்கு ஆற்றில் வள்ளம் என்று எழுதினேன். மூன்றாம் நாளுக்கு அருங்காட்சியகம். பக்கத்தில் 'முழு நாளும்' என்று போட்டேன்.